ஆறு புள்ளி நாலு

“புரட்டாசி, மூன்றாம் சனிக்கிழமை. முற்பகல் 11.20. கருநீலம், லைக்ரா கலந்த துணி, நான்கு நாள் காத்திருந்த லாட். சூத்திரம் ஓட்டித் தாள் எடுத்தேன். காம்பாக்டிங்கில் கொடுத்தாயிற்று. வெயில். காற்று இல்லை.”

சென்ற ஆண்டு நாட்குறிப்பில் அந்தப் பக்கத்தில் அன்று எழுதியது இவ்வளவுதான். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாள் தவறாமல் எழுதி வருகிறேன். பேருந்து தாமதமானது, ஆய்வறையில் விளக்கு மாற்றியது, மழை தொடங்கிய நேரம், நின்ற நேரம், படித்து முடித்த புத்தகம் எல்லாம் அதில் உண்டு. காற்று இல்லை என்பதைக்கூட எழுதியிருக்கிறேன். தாளில் வந்த எண்ணை எழுதவில்லை. மறதியால் அல்ல. கணினி போட்ட கணக்கை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், போன காற்றைத்தான் திரும்பப் பார்க்க முடியாது என்று அன்றுவரை நம்பியிருந்தேன்.

திருப்பூருக்குத் தெற்கே ஒரு சாயப்பட்டறையில் ஆய்வறைப் பொறுப்பு என்னுடையது. பின்னலாடைத் துணி துவைத்தால் நீளவாக்கில் சுருங்கும். அதனால் தைக்கப் போவதற்கு முன்பே நீராவியும் அழுத்தமும் கொடுத்து அதைக் கொஞ்சம் சுருக்கி வைக்க வேண்டும். அதைச் செய்வது காம்பாக்டிங் மெஷின். துணியை எத்தனை சதவீதம் நெருக்கித் தள்ள வேண்டும் என்று அதில் ஓர் எண் வைப்பார்கள். எண் குறைந்தால் சட்டை வாங்கியவர் வீட்டில் போய்ச் சுருங்கும். கூடினால் துணி கனத்துத் தடிக்கும். நூல், நிறம், எடை, சாயம் ஏறியபின் காத்திருந்த நாள் என்று, ஒன்றாகச் சாயமேற்றிய துணிக்கட்டான லாட்டுக்கு லாட் மாறும் அந்த எண்ணைச் சொல்ல, நானாகப் படித்து ஒரு மென்பொருள் எழுதி வைத்திருந்தேன்.

எண்ணைச் சொல்லும் சூத்திரத்தை நான் எழுதவில்லை. கணினி தானே கண்ணை மூடிக்கொண்டு ஐந்நூறு சூத்திரங்களை எழுதும். ஒவ்வொரு சூத்திரமும் பழைய லாட்டுகளில் எவ்வளவு தவறுகிறது என்று கூட்டிப் பார்த்து ஒரு தகுதி எண் போடும். தவறு குறைந்தவை தங்கும், மற்றவை அழியும். தங்கியவற்றில் ஒன்றின் கிளையை வெட்டி இன்னொன்றில் ஒட்டி அடுத்த தலைமுறையை உண்டாக்கும். மரபணு நிரலாக்கம் என்று இதற்குப் பெயர். இருநூறு தலைமுறை ஓட ஏழெட்டு நிமிடம் ஆகும். கடைசியில் நிற்கும் சூத்திரத்தைப் படித்தால் எனக்கே பாதி புரியாது. ஓரிடத்தில் ஒன்றைக் கூட்டி, நாலு கிளை தள்ளிப்போய் அதையே கழித்திருக்கும். எதற்கென்று கேட்க அங்கே ஆள் இல்லை. ஆனால் அது சொன்ன எண்கள் சரியாக இருந்தன.

எல்லாம் தற்செயல் என்றாலும் தொடக்க எண்ணை நான் பூட்டியிருந்தேன். அதே தரவு, அதே தொடக்க எண் என்றால் அதே ஐந்நூறு பிறக்கும், அதே கலப்பு நடக்கும், அதே சூத்திரம் நிற்கும். ஒவ்வொரு நாளின் தரவையும் தேதியிட்டு நகல் எடுத்து வைத்திருந்தேன். எண்ணை எழுதாமல் விட்டதற்கு அந்தத் துணிச்சல்தான் காரணம்.

அன்று நான் எண் அச்சிட்ட தாளைக் கொடுத்தது ஓர் அம்மாளிடம். ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து வருகிறவர். பதினோரு ஆண்டு மடிப்பு மேஜையில் நின்று துணி மடித்தவர். எங்கள் பட்டறையில் காம்பாக்டிங் மெஷினைப் பெண் ஒருவர் கையில் கொடுத்தது அதுதான் முதல் தடவை. கொடுத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மற்ற ஷிஃப்ட்டு ஆட்கள், “மெஷினுக்குக் கோலம் போட ஆள் வந்தாச்சு” என்று சொல்லிக்கொண்டு, அவர் எப்போது தவறுவார் என்று பார்த்திருந்தார்கள்.

அடுத்த புதன்கிழமை ஆயுத பூஜை. எங்கள் பக்கம் அதற்கு முந்தைய நாளே பட்டறை முழுக்கக் கழுவி விடுவார்கள். மெஷின்களில் ஒட்டியிருக்கும் தாள், டேப், அட்டை எல்லாவற்றையும் கிழித்துக் குப்பையில் தள்ளித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். அந்தச் சனிக்கிழமைத் தாளும் அப்படித்தான் போனது. புதுச் சாமான் எதுவாக இருந்தாலும் மறுநாள் விஜயதசமியில்தான் ஓட்டத் தொடங்குவார்கள். அந்த வருடம் ஆய்வறைக்கு ஒரு புதுக் கணினி வந்திருந்தது. பழையதற்கும் புதியதற்கும் பூஜையன்று நானே பொட்டு வைத்தேன். மறுநாள் மென்பொருளைப் புதியதில் ஏற்றி, கடைசி மூன்று லாட்டுகளை இரண்டிலும் போட்டுப் பார்த்தேன். மூன்றுக்கும் இரண்டிலும் ஒரே எண் வந்தது. குறிப்பேட்டில் “சரி” என்று எழுதினேன். பழையது அவிநாசிபாளையத்துப் பக்கம் இருக்கும் முதலாளியின் குடோனுக்கு, கேமரா பார்க்கப் போய்விட்டது.

ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை அந்தக் கருநீல லாட் பற்றிய புகார் வந்தது. துவைத்துப் பார்த்ததில் அனுமதித்ததைவிட அதிகமாகச் சுருங்கியிருக்கிறது. முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“ஏம்மிணி, எத்தனைல வெச்சு ஓட்டுனீங்க?”

“ஆறு புள்ளி நாலுங்க.”

“அந்தத் துணிக்கு ஆறா? பூசைக்கு ஊட்டுக்குப் போற அவசரமாட்ட இருக்குது. கொறைச்சு வெச்சா வேகமா ஓடுமில்லீங்க.”

“தாள்ல அப்படித்தானுங்க இருந்துச்சு. எனக்கும் கொஞ்சம் ரோசனைதான். நாலு நாள் கெடந்த துணியாச்சே, கணக்குல ஏதோ கழிச்சிருப்பாங்கன்னு வெச்சுட்டனுங்க.”

முதலாளி என்னைப் பார்த்தார். எண் என்ன என்று எனக்கு நினைவில்லை. அன்று ஒன்பது லாட்டுக்குத் தாள் எடுத்திருந்தேன்.

“தேடறதுக்கு ஒண்ணுமில்லீங்க. அன்னைக்கு இருந்த தரவு அப்படியே இருக்குது. திரும்ப ஓட்டுனா அதே எண் வந்துரும்,” என்றேன்.

“அப்ப ஓட்டிப் பாருங்க. இவங்க சொன்னது வந்துச்சுன்னா தப்பு நம்ம கணக்கு மேல. வரலைன்னா திங்கக்கிழமைல இருந்து மடிப்பு மேஜைக்கே போயிரட்டும். வேற ஆளு பாத்துக்கலாம்.”

ஏழு நிமிடம் ஓடியது. அந்த அம்மாள் ஆய்வறை வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றிருந்தார். திரையில் 9.1 என்று வந்தது. மறுபடி ஓட்டினேன். 9.1.

“ஒம்பது புள்ளி ஒண்ணு வருதுங்க அம்மிணி.”

அவர் திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“சார், எனக்கு எட்டாவதுக்கு மேல படிப்பில்லீங்க. ஒம்பதைப் பாத்து ஆறுன்னு படிக்கற அளவுக்குக் கண்ணு போகலீங்க. புள்ளிக்கு அந்தப் பக்கம் நாலு. நான் பொய் சொல்றதுன்னா ஏனுங்க புள்ளி வெச்சுச் சொல்றன்? ஆறரைன்னு சொல்லீருப்பன்ல.”

உண்மையைச் சொன்னால், நான் அவரை நம்பவில்லை. கையில் ஒரு பதிவும் எதிரே ஒரு மனிதரும் இருந்தால் பதிவின் பக்கம் நிற்பது என் பழக்கம். அன்றிரவு நாட்குறிப்பில் “மெஷின் இயக்குபவரின் கூற்று தவறு” என்று எழுதினேன். அந்த வரி இன்னும் அங்கேயே இருக்கிறது, அடிக்கவில்லை.

ஆனால் அந்தப் புள்ளி உறுத்திக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை காலை வேலைக்குப் போனதும் முதல் காரியமாக, கடைசித் தலைமுறையில் வென்ற சூத்திரத்தை மட்டும் பார்க்காமல் முதல் பத்து இடங்களையும் பட்டியலிடச் சொன்னேன். இதுவரை ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. வென்றதைத் தவிர மற்றவை எனக்கு எதற்கு?

முதலிடத்துச் சூத்திரம் கருநீல லாட்டுக்கு 9.1 சொன்னது. இரண்டாமிடம் 6.4.

நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன். வெளியே சாயத் தொட்டிகள் ஓடும் சத்தம் வழக்கம்போல் இருந்தது. ஐந்நூறு சூத்திரங்களின் கூட்டத்தில், யாருமே திறந்து பார்க்காத ஒன்றுக்குள், மடிப்பு மேஜையிலிருந்து வந்த ஓர் அம்மாள் சொன்ன எண் உட்கார்ந்திருந்தது. பல நாளாக அங்கேயே இருந்து, யாராவது வந்து கேட்கட்டும் என்று காத்திருந்ததுபோல.

இரண்டின் தகுதி எண்ணும் திரையில் ஒன்றாகவே தெரிந்தது. ஆறு இலக்கம்தான் காட்டும்படி வைத்திருந்தேன். எல்லா இலக்கங்களையும் காட்டச் சொன்னேன். பதினைந்தாவது வரை ஒன்றே. பதினாறாவதில் ஒன்றுக்கு 3, மற்றதற்கு 4. வென்றதும் தோற்றதும் அங்கேதான்.

இரண்டு சூத்திரங்களையும் தாளில் எழுதி, கூட்டிக் கழிப்பவற்றையெல்லாம் அடித்துக்கொண்டே வந்தேன். மதியச் சாப்பாட்டு மணி அடித்தபோது இரண்டும் ஒரே சூத்திரமாகிவிட்டன, ஒரு கிளையைத் தவிர. இரண்டாமிடத்தில் இருந்ததில் மட்டும், ‘துணி இரண்டு நாளுக்கு மேல் காத்திருந்தால் எண்ணைக் குறை’ என்ற பொருளில் ஒரு கிளை இருந்தது. எங்கள் பழைய லாட்டுகளில் ஒன்றுகூட இரண்டு நாளுக்கு மேல் காத்திருந்ததில்லை. இந்த லாட் மட்டும்தான், காம்பாக்டிங் மெஷினின் ஃபெல்ட் பட்டை கிழிந்து அது நின்றுபோனதால், நான்கு நாள் தள்ளுவண்டியிலேயே கிடந்தது. அந்தக் கிளைக்கு வேலையே வந்ததில்லை. சரியா தவறா என்று யாரும் சோதித்ததில்லை. தன் முறை வரும்வரை சத்தமில்லாமல் தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்திருக்கிறது.

ஆய்வறையில் நிறம் பார்க்கும் விளக்குப் பெட்டி ஒன்று உண்டு. இரண்டு துணித் துண்டுகள் அதில் ஒரு விளக்கின் கீழ் ஒரே நிறமாக இருக்கும். விளக்கை மாற்றினால் ஒன்று சிவப்பேறும், மற்றது ஏறாது. அதனால்தான் எல்லா விளக்கிலும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம். என்னிடம் இருந்த அத்தனை விளக்குகளிலும் இந்த இரண்டு சூத்திரங்களும் ஒரே நிறம். நான் போடாத ஒரு விளக்கு இருந்திருக்கிறது.

பதினாறாவது இலக்கம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க மேலும் அரை நாள் ஆயிற்று. கணினி ஓர் எண்ணைப் பதினாறு இலக்கம் வரைதான் கையில் பிடிக்கும். மிச்சத்தைக் கீழே விட்டுவிடும். ஒன்றைக் கூட்டி அதையே கழித்தால் நமக்குச் சுழியம். கணினிக்கு, கீழே விட்டதன் தூசி மிஞ்சும். எந்த வரிசையில் கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்துத் தூசியும் மாறும். பழைய கணினி நாலு நாலாகப் பிரித்துக் கூட்டும். புதியது எட்டெட்டாக. தராசில் சமமாக நிற்கும் இரண்டில் எதன் மேல் தூசி விழுகிறதோ, அது தோற்கும். என் மென்பொருளில் ‘சமம்’ என்ற சொல்லே இல்லை. ஒன்று குறைவு, இல்லையென்றால் அதிகம். அப்படித்தான் எழுதியிருந்தேன்.

அப்படியானால் பழைய கணினியில் 6.4 வந்திருக்கலாம். ஞாயிறு காலை தாராபுரம் போகும் பேருந்தில் ஏறி அவிநாசிபாளையத்தில் இறங்கினேன். குடோனில் காவலுக்கு இருந்தவர் தெற்குச் சீமைக்காரர். கணினி என்றதும் சிரித்தார்.

“அந்தப் பொட்டியா சார்? நல்லாத்தான் கெடக்கு. சந்தனத்த மட்டும் நான் தொடைக்கல. சாமிக்கு வச்சத நாம அழிக்கக்கூடாதுல்லா.”

நான் வைத்த பொட்டுதான். காய்ந்து விரல் ரேகையோடு வெடித்திருந்தது. திரையில் ஒன்பது கட்டங்களில் ஒன்பது கேமரா. ஒன்றில் வாசல், ஒன்றில் தென்னை, ஒன்றில் அந்த அறையே. உட்கார்ந்ததும் என் முதுகு ஒரு கட்டத்தில் தெரிந்தது. நான் தலையைத் திருப்பினால் ஒரு நொடி கழித்துத்தான் அது திரும்பியது.

தரவையும் மென்பொருளையும் பென்டிரைவில் கொண்டுபோயிருந்தேன். ஓட்டினேன். 9.1.

அந்த எண்ணை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று குறிக்கவில்லை. அந்த அம்மாளிடம் போய்ச் சொல்ல வேண்டிய சொற்கள் மனதில் தானாக வரிசையாகத் தொடங்கின. பிறகுதான் உறைத்தது: ஆய்வறையில் இந்தப் பெட்டிக்குக் கேமரா வேலை கிடையாது. என் மென்பொருள், கணினிக்குள் அந்த நேரத்தில் சும்மா இருக்கும் கைகளை, அதாவது கணக்குப் போடும் கோர்களை, பார்த்துத்தான் வேலையைப் பங்கு போடும். கேமரா பாதிக் கைகளைப் பிடித்திருந்தால் பங்கு வேறு, கூட்டும் வரிசையும் வேறு.

“கேமராவைக் கொஞ்ச நேரம் நிறுத்தலாமுங்களா?”

“ஓனர்ட்ட போன் போட்டுக் கேக்கணும் சார். இன்னைக்கு ஞாயித்துக்கெழம, எடுக்க மாட்டாவ.” கொஞ்சம் யோசித்தார். “எவ்வளவு நேரம்?”

“பத்து நிமிஷம்.”

“சரி, அமத்துங்க. நான் வாசல்ல போயி நின்னுக்கிடுதேன். பத்து நிமிசத்துக்கு நாந்தான் கேமரா.”

கட்டங்கள் மறைந்தன. என் முதுகும் போயிற்று. ஓட்டினேன். 6.4.

கேமராவைத் திறந்து ஓட்டினேன். 9.1. மூடினேன். 6.4. அவர் இரண்டு தடவை உள்ளே எட்டிப் பார்த்து, “இன்னும் கேமராவாத்தான் நிக்கேன் சார்” என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறு முறை மாற்றி மாற்றிப் பார்த்தேன். நான் திரையில் இருந்தால் 9.1. நான் இல்லாவிட்டால் 6.4. ஒருமுறைகூட மாறவில்லை. நான் திரையில் இருப்பதற்கும் துணி சுருங்குவதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், கடைசித் தடவை கட்டத்தில் என் முதுகைப் பார்த்தபோது நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எதையும் கலைத்துவிடக்கூடாது என்று தோன்றியது.

திங்கட்கிழமை காலை முதலாளி அறையில் இதையெல்லாம் சொன்னேன். அந்த அம்மாள் கதவோரம் நின்றார். கையில் சாப்பாட்டுப் பை இருந்தது. மெஷின் பக்கம் போவதா மேஜைப் பக்கம் போவதா என்று தெரியாததால் இன்னும் அதை வைக்கவில்லை.

“ஐந்நூறு சூத்திரம்னு சொல்றீங்க. ஐந்நூறு பேர்ல எவனாச்சும் ஒருத்தன் ஆறு புள்ளி நாலுன்னு சொல்லாமயா போயிருப்பான்?” என்றார் முதலாளி.

“ஐந்நூறாவது ஆளு இல்லீங்க. ரெண்டாவது ஆளு. முதல் ஆளுக்கும் அவனுக்கும் நடுவுல ஒரு முடியளவு இடம்கூட இல்லீங்க. அப்படி ஒருத்தன் இருக்கறது வெள்ளிக்கிழமை எனக்கே தெரியாது. அன்னைக்கே இவங்க அவன் சொன்னதைச் சொல்லீட்டாங்க.”

“அப்ப அன்னைக்குத் தாள்ல வந்தது ரெண்டுல எது?”

“தெரியலீங்க.”

“இத்தனை நாளா எழுதறீங்களே, நோட்டுல இல்லீங்களா?”

“அதைத்தானுங்க எழுதாம விட்டுட்டேன்.”

அவர் மேஜையில் இருந்த துணித் துண்டை மடித்தார், பிரித்தார். பிறகு அந்த அம்மாளைப் பார்த்துச் சொன்னார்:

“நீங்க மெஷினுக்குப் போங்க அம்மிணி. பையை வெச்சுட்டுப் போங்க. புகாருக்குச் சாரும் நானும் பதில் சொல்லிக்கறோம்.”

வெளியே வந்ததும் அந்த அம்மாள் என்னிடம் நன்றி எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. “இனிமேல் தாளைக் கொடுத்தா எண்ணுக்குப் பக்கத்துல உங்க கையெழுத்து வேணுமுங்க சார். நானும் துணி ஓரத்துல மார்க்கர்ல எழுதி வெச்சுக்கறன். பூசை வந்தாலும் துணியக் கிழிச்சுப் போட மாட்டாங்க பாருங்க,” என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. ‘கோலம்’ என்று கேலி பேசிய ஆட்களும் இப்போது துணி ஓரத்தில் எழுதுகிறார்கள்.

மென்பொருளில் ‘சமம்’ என்பதைச் சேர்த்தேன். மிகச் சிறிய ஓர் அளவுக்குள் இருந்தால் இரண்டும் சமம். அப்போது நீளம் குறைந்த சூத்திரத்தை எடுத்துக்கொள். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சாயப்பட்டறையில் இருக்கிறவர்களுக்கு அது புதிதல்ல. பத்து லாட்டின் துண்டுகளை வரிசையாக வைத்தால் ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதோடு ஒத்துப்போகும். முதலாவதையும் பத்தாவதையும் எடுத்துச் சேர்த்து வைத்தால் ஒரே சட்டையில் தைக்க முடியாது. அதற்கு நாங்கள் ஒரு மூலத் துண்டை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதோடுதான் ஒப்பிடுவோம். மென்பொருளிலும் அப்படியே செய்திருக்கிறேன். இதுவரை இரண்டு கணினியிலும் ஒரே எண்தான் வருகிறது. எண்ணை எழுதியும் வைக்கிறேன்.

அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் கொடுத்த தாள்களில் எத்தனை அந்தத் தூசியால் வந்தவை என்று தேடிப் பார்க்கும் எண்ணம் அவ்வப்போது வருகிறது. இன்னும் தொடங்கவில்லை. விளக்குப் பெட்டியில் கை வைக்கும்போதெல்லாம், எந்த விளக்கைப் போடாமல் விட்டேன் என்று ஒரு கணம் நிற்கிறேன்.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. பழைய கணினி ஆய்வறையில் இருந்த நாட்களில், நிறம் அளக்கும் கருவியின் மென்பொருளும் அதில்தான் ஓடும். அது திறந்திருந்தால் கேமராவைப்போலவே பாதிக் கைகளைப் பிடித்துக்கொள்ளும். அப்படியென்றால் தாளில் வந்தது 9.1 ஆக இருக்கும். மூடியிருந்தால் 6.4. அந்தச் சனிக்கிழமை பக்கத்தின் ஓரத்தில், வேறு மையில், பிற்பாடு இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: “தாளில் இருந்த எண் 6.4. இது மெஷின் இயக்குபவர் சொன்னது. முற்பகல் 11.20க்கு நிறம் அளக்கும் மென்பொருள் திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்பது உறுதி செய்யப்படவில்லை.”